கல்ஃப்காரர் வண்டி, ஓடவே இல்லையாம், எடுக்கலாமா?

கேள்வி – 2025 செப்டம்பர் 14, ராத்திரி 9.40

மார்த்தாண்டம் பக்கம் இருந்து கேக்கேன். வேகன் ஆர், 2010 மாடல், டி.என். 75, ஒரே ஓனர், 41,000 கி.மீ. தான் ஓடியிருக்கு. ஓனர் குவைத்ல, வண்டி குளச்சல்ல அவரு வீட்ல நிக்குது, தம்பிதான் விக்காரு. 1,65,000 சொல்லுதாவ. வருஷத்துக்கு ஒரு மாசம் லீவுக்கு வரும்போ மட்டும் எடுத்த வண்டி, எஞ்சின் புதுசு மாதிரின்னு சொல்லுதாவ. பெயிண்டும் பளபளன்னு இருக்கு. எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. போய்ப் பாக்கும்போ எதெல்லாம் பாக்கணும்? இல்ல கண்ண மூடிட்டு எடுத்துரலாமா?

செப்டம்பர் 14, ராத்திரி 10.25

கண்ண மூடாத தம்பி. கடலோர குளச்சல், 15 வருஷம், நிக்குது, பளபள. இந்த நாலும் ஒரே மூச்சுல வந்தா எனக்கு வயித்தக் கலக்கும். நாளைக்கு எழுதுகேன், சோறு ஆறுது.

செப்டம்பர் 15, காலை 6.50

மொதல்ல என் கதையச் சொல்லிருகேன், பிறவு உன் வண்டிக்கு வருவோம்.

2014-ல ஒரு மாருதி ஜென் வாங்கினேன், 2003 மாடல், கடலோர முட்டம் பக்கத்துல ஒருத்தர்கிட்ட, 70,000 ரூபா. அதுவும் இதே பாட்டுதான், ஓடவே இல்ல, வீட்ல மூடிப்போட்டு வச்சிருந்தோம்னு. எஞ்சின் தையல் மிஷின் கணக்கா ஓடிச்சு, நான் அந்தச் சத்தத்தக் கேட்டுட்டே பைசாவ எண்ணிக் குடுத்துட்டேன், காலுக்கடில என்ன இருக்குன்னு குனிஞ்சு கூடப் பாக்கல. ஆடி மாசம் நல்ல மழை, திங்கள்நகர்ல இருந்து வாறோம், வீட்டுக்காரி கால் நனையுதுங்கா. கண்ணாடி ரப்பர் பீடிங் வழியா ஒழுகுதுன்னு நெனச்சு அத மாத்தினேன், 1,200 ரூபா போச்சு. அடுத்த மழைலயும் நனையுது. மேட்ட எடுத்து, கார்ப்பெட்ட உரிச்சு, அதுக்கடில பசை வச்சு ஒட்டியிருந்த ஒரு தகரத்தப் பேத்தேன், அது எண்ணெய் டின்ன வெட்டினது, பாதி எழுத்து அப்பிடியே இருக்கு. அதத் தூக்கினா எங்க முத்தத்துல கெடந்த பலா எலை தெரியுது. வண்டிக்குள்ள உக்காந்துட்டு தரையப் பாக்கேன்.

உப்புக்காத்து அதத்தான் செய்யும். தகரம் மடிச்சு ஒட்டின எடமெல்லாம், கதவோட அடிவிளிம்பு, கதவுக்குக் கீழ உள்ள ரன்னிங் போர்டு உள்பக்கம், பின் சக்கரத்து மேல்வளைவு, இங்கல்லாம் உப்பு போய் இருந்துக்கும், உப்பு ஈரத்த இழுத்து வச்சுக்கும், துரு உள்ள இருந்து வெளிய தின்னுட்டு வரும். வெளிய பெயிண்ட்ல ஒரு சின்ன கொப்புளம் தெரியும்போ உள்ள தகரம் காகிதமா ஆயிருக்கும். ஓடுற வண்டின்னா வாரத்துக்கு ஒருதரம் கழுவுவான், மழைல அடிப்பக்கம் அலம்பும், எஞ்சின் சூட்டுல காயும். நிக்குற வண்டிக்கு இது ஒண்ணும் கெடையாது, அதுவும் கவர் போட்டு மூடினா ஈரம் உள்ளயே கெடக்கும். அதனால எனக்கு ‘ஓடவே இல்ல’ன்னு சொன்னா அது குத்தமாத்தான் கேக்கும்.

செப்டம்பர் 15, காலை 11.10

வீட்டுக்காரி வாசிச்சுட்டுச் சொல்லுகா: ஜென் 2004 மாடல், 70,000 இல்ல 78,000, ஆடி மாசம் இல்ல ஐப்பசி. கால் நனைஞ்சது அவளுக்கு, அதனால அவ கணக்குதான் சரி.

செப்டம்பர் 15, ராத்திரி 9.15

ஒண்ணு கேக்க மறந்துட்டேன். உன் வேகன் ஆர் பழைய எஞ்சினா புது எஞ்சினா? 2010-ல ரெண்டும் உண்டு. வருஷ ஆரம்பத்துல வந்தது பழைய 1,061 சி.சி., அதுல டைமிங் பெல்ட், எஞ்சின் வால்வ நேரத்துக்குத் தொறந்து மூட வைக்குற ரப்பர் பெல்ட். 2010 ஏப்ரல்ல புது வேகன் ஆர் வந்துச்சு, 998 சி.சி., கே-சீரிஸ்னு புது எஞ்சின், அதுல பெல்ட்டுக்குப் பதிலா செயின். பெல்ட் வண்டின்னா எப்ப மாத்தினதுன்னு பில் கேளு, பில் இல்லன்னா மாத்தலன்னு வச்சுக்கோ, ரப்பர் பெல்ட்டுக்கு கி.மீ. மட்டும் கணக்கில்ல, வருஷமும் கணக்கு, நின்ன எடத்துலயே வெடிச்சிரும். ஆர்.சி. புக்ல (வண்டியோட பதிவுச் சான்று) சி.சி. போட்டிருக்கும், அதப் பாத்தா போதும்.

செப்டம்பர் 16, ராத்திரி 10.00

பாக்கப் போகும்போ கொண்டுபோக வேண்டியது: ஒரு நல்ல டார்ச் (செல்போன் வெளிச்சம் போதாது), ஒரு பழைய சாக்கு, பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தம், ஒரு கர்ச்சீப்பு. காலை 8 மணிக்கு முன்ன போ, மழை நாள்ல போகாத, நனைஞ்ச பெயிண்ட் எல்லாம் நல்ல பெயிண்டுதான்.

காந்தத்த கர்ச்சீப்புல சுத்திட்டு கதவோட அடிப்பாகம், சக்கரத்துக்கு மேல, ரன்னிங் போர்டு எல்லாத்துலயும் ஒட்டிப் பாரு. கப்புன்னு பிடிச்சா தகரம். வழுக்கி விழுந்தா உள்ள பட்டி (ஓட்டைய மூடுற பசை) அப்பியிருக்கான். பம்பர்ல ஒட்டாது, அது பிளாஸ்டிக். இத ஏன் சொல்லுகேன்னா என் மச்சான் ஒருக்கா நாகர்கோவில்ல ஒரு வண்டியோட பம்பர்ல காந்தத்த வச்சுட்டு ‘முழுசும் பட்டிடே, ஏமாத்தப் பாக்கியா’ன்னு விக்க வந்தவன்கிட்ட சண்டைக்குப் போயிட்டான், அவன் ரொம்பப் பொறுமையா பம்பரத் தட்டிக் காட்டினான்.

அப்புறம் சாக்க விரிச்சுப் படு. வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போகாத. அடில துரு தெரிஞ்சா அது ஒரு மாதிரி நல்லதுதான், எவ்வளவுன்னு கண்ணால பாக்கலாம். அடி முழுசும் கரேல்னு புதுசா அண்டர்கோட்டிங் (துரு புடிக்காம இருக்க அடிக்குற பூச்சு) அடிச்சிருந்தா அங்கதான் நான் பயப்படுவேன். துருவச் சொரண்டாம அதுக்கு மேலயே அடிச்சுவிட்டுருவாவ. ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால மெல்லத் தட்டு, நல்ல தகரம் டங்குங்கும், போன தகரம் பொத்துன்னு கேக்கும். ஓனர்கிட்ட கேட்டுட்டுத் தட்டு.

கதவு ரப்பர் பீடிங்க கையால உருவிப் பாரு, அது சும்மா வந்திரும், திரும்பவும் மாட்டிக்கலாம். உள்ள கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சின்னச் சின்ன வட்டமா வரிசையா இருக்கணும். ஒரு பக்கம் வட்டம் இருக்கு, மறு பக்கம் மழுமழுன்னு இருக்குன்னா மழுமழு பக்கம் அடிபட்டது. போனெட் கீல்ல இருக்குற போல்ட் தலைல பெயிண்ட் உரிஞ்சிருந்தா ஸ்பேனர் போட்டுக் கழட்டியிருக்காவ. கண்ணாடி எல்லாத்துலயும் மூலைல பொடி எழுத்துல வருஷம் தெரியுற மாதிரி நம்பர் இருக்கும், எல்லாம் ஒரே வருஷமா இருக்கணும். முன் கண்ணாடி மட்டும் வேறன்னா கல்லு பட்டிருக்கும், விடு. கதவுக் கண்ணாடி வேறன்னா ஏன்னு கேளு.

டிக்கிய மறக்காத. ஸ்டெப்னிய எடுத்துட்டு அந்தக் குழியப் பாரு. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து வண்டின்னா அங்க வேற ஒரு விஷயம் உண்டு: ரப்பர் தோட்டக்காரங்க டிக்கில ஷீட்டு, ஒட்டுப்பால், பால் உறைய ஊத்துற ஆசிட் கேன் எல்லாம் கொண்டு போவாவ, அந்த ஆசிட் சிந்தினா கடல்காத்து பத்து வருஷத்துல செய்யுறத ஒரு மழைக்காலத்துலயே செய்திரும். மணத்துலயே தெரியும். குளச்சல் பக்கத்து வண்டில மீன் ஐஸ் வெள்ளம். ஊருக்கு ஒரு மணம்.

செப்டம்பர் 17, காலை 5.40

ராத்திரி தூக்கத்துல வந்துச்சு. எல்லாரும் தகரத்தையே பேசிட்டு இருக்கோம், முக்கியமானத விட்டுட்டோம். 2010-ல எந்த மாசம் பதிஞ்ச வண்டி?

சொந்த உபயோகத்துக்கான காருக்கு ஆர்.சி. 15 வருஷந்தான். 2010 மாடலுக்கு இந்த வருஷத்தோட கழிஞ்சுது. பிறவு வண்டியக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டி, 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும், அதுக்கு 10,000 ரூபா ஃபீஸ், கிரீன் டாக்ஸ் வேற. குவைத்காரரு தம்பி இப்ப ஏன் விக்க அவசரப்படுறாருன்னு தெரியுதா?

செப்டம்பர் 17, மதியம் 1.30

10,000 தப்பு. அது 20 வருஷம் தாண்டின காருக்கு, இந்த ஆகஸ்ட்லதான் ஏத்தினாவ. 15-லருந்து 20 வருஷம் வரைக்கும் 5,000. அதுவும் 2022 ஏப்ரலுக்கு முன்ன வெறும் 600-தான். ஆபீஸ்ல பக்கத்து சீட்டு சார் திருத்தினாரு, அவரு 2004 மாருதி 800 வச்சிருக்காரு, 10,000 அவருக்குத்தான், அதனால எரிச்சலோட சொன்னாரு.

ஆனா ஃபீஸ் பெருசில்ல தம்பி. இன்ஸ்பெக்டர் முன்ன நிக்குறதுக்கு முன்ன துருவ வெட்டி, தகரம் வச்சு, பெயிண்ட் அடிச்சு, லைட்டு வைப்பர் ஹேண்ட்பிரேக் எல்லாம் சரியாக்கணும், டிங்கரிங் காரர் கேக்குறதுதான் பெருசு.

செப்டம்பர் 17, ராத்திரி 9.00

கேள்வி கேட்ட தம்பி ஆர்.சி. போட்டோ அனுப்பினான். 2010 நவம்பர். 998 சி.சி. அப்ப செயின் வண்டி, பெல்ட் பயம் இல்ல, நான் மொதல்ல பயமுறுத்தினத அந்த மட்டுல வாபஸ் வாங்குகேன். ஆர்.சி. இன்னும் ரெண்டு மாசம்.

செப்டம்பர் 18, ராத்திரி 10.40

நின்ன வண்டில என்னெல்லாம் போகும்னு கேட்டிருக்கான். எங்க அண்ணன் மகன் துபாய்ல இருக்கான், அவன் ஐ10-ஐ ரெண்டு வருஷம் நாந்தான் பாத்துக்கிட்டேன், அதாவது பாக்கல. பேட்டரி போச்சு. ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினதால பின்னாடி பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டிக்கிச்சு, வண்டிய எடுக்கும்போ டப்புன்னு ஒரு சத்தம், லைனிங் பேந்து வந்துட்டு. எலி உள்ள பூந்து வயரக் கடிச்சு, ஏர் ஃபில்டர் பெட்டில தேங்கா நாரு வச்சுக் குட்டி போட்டிருந்துச்சு. டயர்ல பூ அப்பிடியே இருக்கு, ஆனா பக்கவாட்டுல நகம் வச்சா கீறு. டயர்ல கடைசி நாலு நம்பர பாத்துக்கோ, 2815-ன்னா 2015-ல 28-ஆவது வாரம். பூ இருக்குன்னு சந்தோஷப்படாத, பத்து வருஷ ரப்பர் அது.

பெட்ரோலும் உண்டு. இப்ப பம்புல கெடைக்குறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது ஈரத்த இழுக்கும், மாசக்கணக்குல டாங்க்ல கெடந்தா வெள்ளம் அடில பிரிஞ்சு நிக்கும். 2010 வண்டியோட ஹோஸ், ரப்பர் வாஷர் எல்லாம் இந்த எண்ணெய மனசுல வச்சுச் செஞ்சதும் இல்ல. அதனால மூடி தொறந்து மோந்து பாரு, போனெட்டுக்கடில பெட்ரோல் ஹோஸ வளைச்சுப் பாரு, வெடிப்பு இருந்தா மாத்தணும். பெரிய செலவில்ல, ஆனா மாத்தாம ஓட்டக்கூடாது.

செப்டம்பர் 20, காலை 7.30

ஒருத்தர் எழுதியிருக்காரு, இதெல்லாம் எதுக்கு, களியக்காவிளை தாண்டிப் போனா கே.எல். வண்டி (கேரளா பதிவு) சல்லிசா கிட்டுமேன்னு. கிட்டும். எனக்கும் கிட்டிச்சு.

2019-ல கே.எல். 07 ஸ்விஃப்ட் டீசல், 2011 மாடல். ஜென்ல சூடு பட்டதால இந்தத் தடவ குனிஞ்சு, படுத்து, தட்டி எல்லாம் பாத்தேன், துரு ஒரு பொட்டு இல்ல. உள்ள புதுசா சீட் கவர், நல்ல வாசன, அந்த வாசன அளவுக்கு மேல இருந்துச்சு, அத அப்ப யோசிக்கல. நாலாம் மாசம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி தானா கண்ணாடிய ஏத்தி எறக்கிட்டு நிக்குது. பக்கத்து வீட்டம்மா பேய்ன்னே முடிவு பண்ணிட்டாவ. பிறவு மீட்டர்ல முள்ளு செத்துது, சென்ட்ரல் லாக் செத்துது. தக்கலைல எங்க மெக்கானிக் அண்ணன் ஒண்ணும் பேசல, டிரைவர் சீட் பெல்ட்ட புடிச்சு மெல்ல இழுத்தாரு, இழுத்துட்டே இருந்தாரு, முழுசா வெளிய வந்ததும் கடைசி ரெண்டு சாண்ல செம்மண் நெறத்துல ஒரு கோடு. மனுசன் யாரும் அவ்வளவு தூரம் பெல்ட்ட இழுக்க மாட்டான் பாத்தியா, கழுவினவனும் இழுக்கல. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல நின்ன வண்டி. நம்மூர்ல வெள்ளம்னா குடிக்கிறதுக்குன்னு நெனச்ச எனக்கு அண்ணைக்குத்தான் புரிஞ்சுது. 62,000 செலவழிச்சுட்டு வித்தேன், வாங்கினவர்கிட்ட பெல்ட்ட இழுத்துக் காட்டித்தான் வித்தேன், அதனால வெல இல்ல.

கேரளாவ மட்டும் சொல்லப்படாது. 2021 நவம்பர்ல நம்ம மாவட்டத்துலயே எத்தன வண்டி வெள்ளத்துல நின்னுது, 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, நெல்லை. டி.என். 69, 72 வண்டி வந்தாலும் பெல்ட்ட இழு. சீட்டுக்கடில போல்ட்டப் பாரு, ஹெட்லைட்டுக்குள்ள கோடு பாரு, ஃபியூஸ் பெட்டிய தொறந்து பச்சைப் பூ பூத்திருக்கான்னு பாரு.

கே.எல். வண்டில இன்னொரு இழவு: அங்க இருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லங்குற சான்று) வாங்கி, இங்க மறுபடி பதிஞ்சு, இங்கத்த டாக்ஸ் கட்டணும், அங்க கட்டினதுல மிச்சத்தத் திரும்பக் கேட்டு அலையணும். 12 மாசத்துக்கு மேல இங்க வச்சு ஓட்டினா மாத்தியே ஆகணும். சல்லிசுங்கறது அப்பவே கரைஞ்சு போவும்.

செப்டம்பர் 21, மதியம் 3.20

எஞ்சினப் பத்தி எழுதலன்னு தம்பிக்குக் கோவம். எழுதுகேன்.

மெக்கானிக் அண்ணன் எப்பவும் மொதல்ல போனெட்ல உள்ளங்கைய வைப்பாரு. சூடா இருந்தா ‘அப்ப பிறவு வாறேன்’னு திரும்பிருவாரு. நம்ம வருமுன்ன ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருக்கான்னா காலைல சுலபமா ஸ்டார்ட் ஆகாதுன்னு அர்த்தம், இல்ல மொதப் புகைய நமக்குக் காட்ட மனசில்லன்னு அர்த்தம். பிறவு ஆயில் மூடியக் கழட்டி உள்பக்கம் பாப்பாரு, பால்காப்பி நெறத்துல பசை மாதிரி இருந்தா எஞ்சினக் குளிர வைக்குற கூலண்ட் எண்ணெயோட கலக்குது, நடுவுல அடைக்குற ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு அர்த்தம். டிப் ஸ்டிக்க எடுத்து ரெண்டு வெரலுக்கு நடுவுல எண்ணெயத் தேய்ப்பாரு, கண்ண மூடிக்குவாரு, அதுல என்ன தெரியுதுன்னு நான் கேட்டேன், ‘மண்ணு’ன்னாரு. ஸ்டார்ட் பண்ணினதும் நீலப் புகைன்னா எண்ணெய் எரியுது. வெள்ளப் புகை காலைல கொஞ்சம் வரும், சூடான பிறவும் நிக்கலன்னா கூலண்ட் எரியுது. கருப்புன்னா பெட்ரோல் கூடுதல், அது சரி பண்ணலாம். நீளமான ஸ்பேனரோட ஒரு முனைய எஞ்சின்லயும் மறு முனையக் காதுலயும் வச்சுக் கேப்பாரு, டாக்டர் தோத்தாரு. 500 ரூபாயும் சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும்தான் அவரு ஃபீஸ். உனக்கு நான் எழுதுற இத்தனையையும் விட அந்த 500 ரூபா மேல், அதச் சொல்லிருகேன்.

ஓட்டிப் பாக்குறத ஊருக்குள்ள மட்டும் முடிச்சிராத. குண்டும் குழியுமான ரோடுல 20-ல போய் சஸ்பென்ஷன் சத்தம் கேளு, அதுக்கு நம்மூர்ல ரோடு தேட வேண்டாம். பிறவு காவல்கிணறு நாலு வழிச்சாலைல 80-ல விட்டு ஸ்டியரிங் நடுங்குதான்னு பாரு. ஆனா ஆரல்வாய்மொழி பக்கம் வச்சு வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு முடிவெடுக்காத, நான் ஸ்விஃப்டுக்கு ரெண்டு தடவ அலைன்மென்ட் பண்ணினேன், மூணாம் தடவ அலைன்மென்ட் கடைக்காரரே ‘சார், அது முப்பந்தல் காத்து’ன்னாரு. காத்தாடி ஏன் அங்க நட்டு வச்சிருக்காவன்னு யோசிச்சிருக்கணும்.

41,000 உண்மையான்னு எப்பிடித் தெரியும்னா, பெடல் ரப்பரப் பாரு, ஸ்டியரிங்ல கை புடிக்குற எடத்தப் பாரு, டிரைவர் சீட்டோட வெளி ஓரத்தப் பாரு. மீட்டரக் குறைக்குறவன் பெடல் ரப்பர மாத்த மறந்திருவான். புது ரப்பர் போட்டிருந்தாலும் கேளு, 41,000-க்கு ஏன் ரப்பர் மாத்தினன்னு.

செப்டம்பர் 24, ராத்திரி 8.50

பேப்பர். ஓனர் குவைத்ல, விக்குறது அவரு தம்பி. நல்ல குடும்பமாவே இருக்கட்டும், பேரு மாத்துறதுக்குள்ள ஃபார்ம் 29-லயும் 30-லயும் ஆர்.சி.ல பேரு உள்ளவன்தான் கையெழுத்துப் போடணும். இப்ப ஓ.டி.பி. வேற ஓனர் நம்பருக்குத்தான் போவும், அந்த நம்பர் அவருகிட்ட இன்னும் உயிரோட இருக்கான்னு மொதல்லயே கேட்டுக்கோ. லோன் போட்டு வாங்கின வண்டின்னா, அடைச்சாச்சுன்னு வாயால சொன்னா பத்தாது, எச்.பி. (ஆர்.சி.ல இருக்குற பேங்க் கடன் பதிவு) கேன்சல் ஆயிருக்கணும், அதுக்கு பேங்க் ஃபார்ம் 35. எம்-பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரப் போட்டா எச்.பி., இன்ஷூரன்ஸ் தேதி, பாக்கி அபராதம் எல்லாம் தெரியும். சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டில தேடிக் கண்டுபிடிச்சு ஆர்.சி.யோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப்பாரு, இதுல சோம்பல் பட்டவன்தான் பிறவு ஸ்டேஷன் படி ஏறுறான்.

பேரு மாத்தாம ‘பிறவு மாத்திக்கலாம்’னு சொன்னா விக்குறவனுக்குத்தான் ஆபத்து கூடுதல். 2018-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிட்டு, ஆக்சிடென்ட் ஆனா ஆர்.சி.ல பேரு உள்ளவன்தான் ஓனர்னு. இத குவைத்காரருக்குச் சொன்னா அவரே ஓடி வந்து கையெழுத்துப் போடுவாரு. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உன் பேருக்கு மாத்து. அவருக்குள்ள நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேக்காததுக்குப் பிரீமியத்துல தள்ளுபடி) உனக்கு வராது, அது மனுசனுக்கு உள்ளது, வண்டிக்கு இல்ல.

செப்டம்பர் 28, ராத்திரி 9.30

இன்னைக்கு ஞாயித்துக்கிழம, என் தங்கச்சிய குளச்சல்லதான் கட்டிக்குடுத்திருக்கு, அவளப் பாக்கப் போற சாக்குல நானும் தம்பியோட போய் வண்டியப் பாத்துட்டு வந்தேன்.

நியாயமாச் சொல்லணும்னா எஞ்சின் தங்கம். போனெட் பச்சத்தண்ணியா இருந்துச்சு, ஒரே சாவில ஸ்டார்ட், புகை இல்ல, ஆயில் மூடி சுத்தம். பெடல் ரப்பர்ல வரி கூட அழியல, 41,000 உண்மதான். குவைத்காரரு தம்பியும் நல்ல மனுசன், சாயா குடுத்தாரு, ஒண்ணையும் மறைக்கல, அவருக்கே தெரியல, அதான் விஷயம். டயர் நாலும் 1216.

நான் சாக்க விரிச்சுப் படுத்தேன். புது அண்டர்கோட்டிங். இடது பக்கம் ரன்னிங் போர்டுல காந்தம் ஒரு எடத்துலயும் நிக்கல. அடில வெள்ளம் வடியுறதுக்கு உள்ள ஓட்டைல மணல் அடைச்சு கல்லாட்டம் கெடக்கு, நான் வெரலால நோண்டினேன், ஈர மணலும் அதோட பட்டாணி அளவுக்கு ஒரு துருக்கட்டியும் கைல வந்துச்சு. அதத் தம்பி கைல குடுத்தேன். நசுக்கிப் பாத்தான், பொடிஞ்சு போச்சு. டிரைவர் பக்கத்து கார்ப்பெட்டத் தூக்கவே வேண்டாம், மிதிச்சாலே தெரியுது.

எனக்கு ஒரு யோசன வந்துச்சு, வாற வழிலதான் வந்துச்சு, அங்கயே வந்திருக்கணும். ஆர்.சி. முடிய 60 நாளைக்கு முன்னயே புதுப்பிக்க எழுதிப்போடலாம். அந்த 60 நாளு இப்ப நடக்குது. ‘நீங்களே புதுப்பிச்சுத் தாங்க, கேட்ட வெலயத் தாறோம்’னு சொல்லிப் பாப்போம். இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணினா நமக்கும் நிம்மதி, பண்ணலன்னா பணம் நம்ம கைல.

அக்டோபர் 2, காலை 10.15

கேட்டாச்சு. ‘அதெல்லாம் நீங்க பாத்துக்கிடுங்க, வேணும்னா 20,000 குறைச்சிக்கலாம்’ன்னாரு. மெக்கானிக் அண்ணன்கிட்ட போட்டோவக் காட்டி, டிங்கரிங் காரர்கிட்டயும் கேட்டோம். ரெண்டு ரன்னிங் போர்டு, தரை, பெயிண்ட், 45,000-ல தொடங்கும், பட்டிய வெட்டித் தொறந்த பிறவுதான் மிச்சம் சொல்ல முடியும்ன்னாரு. டயர் நாலு தனி. தம்பி வேண்டாம்னுட்டான்.

வேண்டாம்னு சொன்னதுல இருந்து எனக்கு ஒரு உறுத்தல். அந்த எஞ்சின் மாதிரி ஒண்ணு இனி கெடைக்காது. கைல டிங்கரிங் தெரிஞ்ச ஒருத்தன் 80,000-க்கு எடுத்தா அவனுக்கு லாபந்தான். நான் ஜென்ல பட்ட சூட்டுக்கு தம்பிய பயமுறுத்திட்டேனோன்னு ரெண்டு நாளா யோசிக்கேன். வீட்டுக்காரி சொல்லுகா, நனைஞ்சது என் காலு, நீங்க ஒண்ணும் உறுத்த வேண்டாம்னு.

அக்டோபர் 8, ராத்திரி 9.05

தக்கலைல ஒரு டீச்சரோட வேகன் ஆர் வந்திருக்கு, 2013, ஒரே ஓனர், 1,12,000 கி.மீ., தெனமும் நாகர்கோவிலுக்குப் போயிட்டு வந்த வண்டி. 2,10,000 சொல்லுதாவ. 1,12,000-ன்னு கேட்டதும் தம்பி மொகம் சுருங்குது. நான் சொன்னேன், தெனம் ஓடினது, வருஷா வருஷம் சர்வீஸ் பில்லு ஃபைல் போட்டு வச்சிருக்காங்க, டீச்சரில்லா, பில்லுக்கு மேல சிவப்பு மையில தேதி வேற. காந்தம் எல்லா எடத்துலயும் கப்புன்னு பிடிக்குது. பின்பக்க பம்பர்ல ஒரு கீறல், அது பள்ளிக்கூட கேட்டு, அவங்களே காட்டித் தந்தாங்க. கிளட்ச் போவப்போவுது: மூணாம் கியர்ல ஹேண்ட்பிரேக் போட்டு கிளட்ச விட்டா எஞ்சின் நிக்கணும், இது நிக்காம முக்குது. அதுக்குன்னு 10,000 குறைக்கச் சொல்லு. ஆர்.சி. 2028 வரைக்கும் இருக்கு. சீட் பெல்ட்டையும் இழுத்தாச்சு, நாலையும்.

அக்டோபர் 19, ராத்திரி 7.45

தம்பி 1,97,000-க்கு முடிச்சு, பேரு மாத்த குடுத்து, தீவாளிக்கு முந்தி வண்டிய வீட்டுக்குக் கொண்டுபோயிட்டான். இப்பத்தான் போன் பண்ணினான். மார்த்தாண்டம் பாலத்துக்கு கீழ, பண்டிகைக் கூட்டத்துக்கு நடுவுல நிக்கான்.

‘அண்ணே, இத்தன நாளு எழுதினியளே, ஹாரன அடிச்சுப் பாக்கணும்னு ஒரு எடத்துலயாவது சொன்னியளா?’

இப்ப மேல இருந்து கீழ வரைக்கும் வாசிச்சுப் பாத்துட்டேன். சொல்லல.